பழைய கடலைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கன்னியாகுமரியில் சங்கு, சிப்பி, சோழி விற்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்தில் தொடங்கியது. கடல் பார்க்க ஊர் ஊராக இங்கே வருகிறார்கள், நாங்கள் கடல் பார்க்க அரியலூருக்குப் போகிறோம் என்று சொன்னபோது பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "அங்க ஏது வே கடலு? சிமெண்ட் ஃபேக்டரில்லா இருக்கு?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அங்கே சுண்ணாம்புக்கல் கிடைப்பதே ஒரு காலத்தில் கடல் இருந்ததால்தான். கோடிக்கணக்கான சிப்பிகள் செத்து அடுக்கடுக்காகப் படிந்த கல் அது.

இதுவரை மூன்று தடவை போய்விட்டோம். நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கிற மூத்தவள், மூன்றாம் வகுப்புச் சின்னவன், கூடவே என் அம்மா. முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் அன்றைக்குக் கூட்டம் குறைவு என்று நானே பார்த்து வைத்த நாள். அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில், மண்ணுக்குள் கல்லாகிப்போன பழைய உயிர்களை வைத்திருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் நின்றோம். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி விடுமுறை என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நானூறு கிலோமீட்டர் வந்தபிறகு பூட்டைப் பார்ப்பது நல்லா இருக்காது.

சரி, வேலையை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும் எல்லாம் கல்லாகத்தான் தெரியும். எதைப் பார்க்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி, பயிற்சிக்கூடம் வாசலிலேயே கிடக்கிறது. போவதற்கு முந்தின வாரம் ஒரு காலையில் பிள்ளைகளைச் சொத்தவிளைக்கோ சங்குத்துறைக்கோ முட்டத்துக்கோ கூட்டிப் போங்கள். முழுசாக இருக்கிற அழகுச் சிப்பியைத் தேட வேண்டாம். உடைந்ததைப் பொறுக்குங்கள், ஏனென்றால் அங்கே பார்க்கப் போவது பெரும்பாலும் உடைசல்தான். சிப்பியின் முதுகில் வில் மாதிரி வரி வரியாக ஓடுகிறதே, அது வளர்ந்த அடையாளம். விரலை வைத்துத் தடவச் சொல்லுங்கள். இரண்டு ஓடும் சேருகிற கீல் எப்படி இருக்கிறது, உடைந்த சங்குக்குள் முறுக்கு எந்தப் பக்கம் போகிறது, இதெல்லாம் கைக்குப் பழக வேண்டும். பத்து கோடி வருஷத்துச் சிப்பியிலும் அதே வரிதான், அதே கீல்தான்.

கரையில் வெள்ளையாக, லேசாக, நுரை மாதிரி ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். கணவாய் மீனின் உள்ளே இருக்கிற ஓடு அது. அதையும் ஒன்று எடுத்து வையுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறது. நாட்டிலஸ் சங்கு, நடுவில் வாளால் அறுத்து இரண்டாக்கியது. அப்பா வாங்கி வைத்தது. இப்போது நாட்டிலஸை விற்கக் கூடாது, தடை வந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் அது கடையில் இல்லை, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறுத்த பக்கத்தைப் பார்த்தால் உள்ளே சின்ன அறையிலிருந்து பெரிய அறை வரை சுருண்டு சுருண்டு வரும். ஒவ்வோர் அறைச் சுவரின் நடுவிலும் ஒரு துளை இருக்கும், அந்தத் துளை வழியாக ஒரு குழல் ஓடியிருக்கும். கடைசிப் பெரிய அறையில்தான் பிராணி குடியிருந்தது. அரியலூர்ப் பக்கத்தில் கல்லாகக் கிடைக்கிற அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் பிராணியின் ஓடும் இதே மாதிரி அறை அறையாகச் சுருண்டதுதான். ஆனால் அதன் குழல் நடுவில் போகாது, வெளி ஓரத்தை ஒட்டிப் போகும். அறைச் சுவர் வெளி ஓட்டோடு சேருகிற கோடு நாட்டிலஸில் வழவழவென்று ஒரே வளைவு. அம்மோனைட்டில் அந்தக் கோடு கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிந்து நெளிந்து போகும். வீட்டில் நாட்டிலஸ் இல்லாவிட்டால் போனில் ஒரு படமாவது காட்டிவிடுங்கள்.

பத்து கோடி வருஷம் என்றால் சின்னவனுக்கு என்ன புரியும்? எனக்கே புரியவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். நம் திருவள்ளுவர் சிலை திறந்தது 2000-ல். காந்தி மண்டபத்து வாசலில் ஒரு கோடு போட்டால், சிலை திறந்த நாள் விரலின் ஒரு கணு தூரத்தில் வந்துவிடும். கீழடிக் காலம் இரண்டரை மீட்டர் சொச்சம், அதாவது ஒரு ஆட்டோ நீளம். டைனோசரும் அம்மோனைட்டும் அழிந்துபோன 6.6 கோடி வருஷம் 66 கிலோமீட்டர், நாங்குநேரி தாண்டி. காரை என்று ஒரு ஊருக்குப் போகப் போகிறோமே, அந்தக் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், திருநெல்வேலியையும் தாண்டி. பஸ்ஸில் திருநெல்வேலி போகும்போதெல்லாம் சின்னவன் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு "இன்னும் டைனோசரே வரல்லப்பா" என்கிறான்.

இனிப் பயணம். எங்கள் ஊர் ரயில் திருச்சிக்கு நடுராத்திரிக்குத்தான் போய்ச் சேரும். அங்கேயே இறங்கி ரூம் போட்டுப் படுத்துவிட்டு, விடிகாலையில் வாடகைக் கார் பிடிப்பது நல்லது. அந்த நேரத்தில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அரியலூர் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் அந்தப் பக்கத்து வெயில் நம்மைப் போலக் கடற்காற்றில் வளர்ந்தவர்களுக்குத் தாங்காது.

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போய்ப் பாடாலூர் பக்கம் கிழக்கே திரும்புங்கள். மேற்கிலிருந்து கிழக்கே போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே பாறை அடுக்குகள் கிழக்குப் பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன. மேற்கே பழசு, கிழக்கே போகப் போகப் புதுசு. காரில் போகிற வரிசையிலேயே காலமும் ஓடிவரும். முதலில் வருவது ஊட்டத்தூர். 1862-ல் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பகுதிப் பாறைகளுக்கு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெயர் வைத்து எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் புவியியல்காரர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஊட்டத்தூரில் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கல்லைப் பார்க்க வந்த இடத்தில் கல் கரைய வேண்டிக்கொள்கிற கூட்டத்தையும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்த நாள் அங்கேயே நிறைவாகிவிட்டது.

அடுத்து காரை. ஊரைத் தாண்டினால் பச்சை எல்லாம் நின்றுபோய், மஞ்சளும் செம்மண் நிறமும் சாம்பலுமாக மேடு மேடாக வெறும் களிமண். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஓடைகள். தரையில் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்குவது ஜிப்சம், புதையல் இல்லை. ஏழு மணிக்குள் அங்கே நின்றுவிட்டு ஒன்பதரைக்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரு மரம் கிடையாது, கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் முதல் தடவை வீட்டில் சொல்லவில்லை. அதற்கு மனைவியிடம் இன்றைக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்கிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு வாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, தொப்பி வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். முந்தின ராத்திரி தூறல் விழுந்திருந்தால் அந்தக் களிமண் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். இரண்டாவது தடவை சின்னவன் ஒரு ஓடைக்குள் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய்விட்டான். அடி ஒன்றும் இல்லை, ஆனால் டவுசர் அந்தக் கடலோடு போய்விட்டது.

சாப்பாடும் கையில் இருக்கட்டும். மட்டிப்பழம் கொண்டுபோகாதீர்கள், திருச்சிக்குள் கருத்துக் குழைந்துவிடும். நேந்திரம்பழமும் புளிச்சோறும் மூன்றாம் நாள் வரை காப்பாற்றின, கொஞ்சம் முந்திரிக்கொத்தும் இருந்தது.

காரையில் பார்க்கிற முறை இதுதான். நின்றுகொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது. குந்த வேண்டும். குந்தி ஒரு சதுர அடி மண்ணை மட்டும், இரண்டு நிமிஷம், கையால் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் எல்லாம் ஒரே நிறம். அப்புறம் ஒன்று மட்டும் மற்றதைவிட வழவழப்பாக, உருண்டையாக, ஒரு நுனி கூர்மையாகத் தெரியும். சுருட்டுத் துண்டு மாதிரி, சின்னது பென்சில் முனை மாதிரி. அதுதான் பெலம்னைட். கணவாய்க்கு உறவுக்காரப் பிராணி ஒன்றின் உடம்புக்குள் இருந்த கட்டி. இப்போது அந்தக் கடல்நுரையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் மூத்தவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதும் கணவாய்க்க ஓடுதானாப்பா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே போய் வரலாம். லென்ஸ் ஒன்று இருந்தால் உடைந்த பெலம்னைட்டின் வாய்ப்பக்கம் பாருங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடுகள் ஓடும். இந்தக் களிமண்ணில் சுறாப் பல்லும் கிடைத்திருக்கிறது. சுறாப்புட்டு சாப்பிடுகிற பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் போதும், அதற்கப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

முட்டை மாதிரி உருண்டைக் கற்களும் கிடக்கும். டைனோசர் முட்டை என்று கத்திவிடாதீர்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் உருண்டை உருண்டையாக வந்ததைப் படமெடுத்து, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். ஆள் வந்து பார்த்ததில் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகின கல் உருண்டைகள்.

இப்போது எனக்குச் சங்கடமான ஒரு விஷயம். எதையும் எடுத்து வராதீர்கள். சிப்பி விற்றுச் சாப்பிடுகிறவன் இதைச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். முதல் தடவை நான் ஒன்று எடுத்தேன். உள்ளங்கை அளவு, கொக்கி மாதிரி வளைந்த கனத்த சிப்பிக்கல். பேன்ட் பாக்கெட்டில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து, நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த புவியியல் வாத்தியார் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "எந்த இடம்? எந்த அடுக்கு? மேல கெடந்ததா, மண்ணுக்குள்ள பதிஞ்சிருந்ததா? வளைஞ்ச பக்கம் மேலயா கீழயா?" என்று கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் இல்லை. காரையா சாத்தனூரா என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. "அப்பம் இது பேப்பர் வெயிட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவை அதைக் கொண்டுபோய்ப் போட்டோம், ஆனால் எங்கே எடுத்தேனோ அங்கே இல்லை, அது எங்கே என்றுதான் தெரியாதே.

அதனால் சுத்தியல், உளி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் ஐந்து ரூபாய் நாணயமும் போதும். பொருளைத் தொடாமல் பக்கத்தில் நாணயத்தை வைத்து ஒரு போட்டோ. கொஞ்சம் தள்ளி நின்று மேட்டோடு சேர்த்து இன்னொரு போட்டோ. போனில் இடத்தை வரைபடத்தில் குறித்து வைப்பது. நோட்டில் நாள், நேரம், மண்ணின் நிறம். மூத்தவள் இதை என்னைவிட ஒழுங்காகச் செய்கிறாள். புதுசாக, பெரிசாக எதையாவது பார்த்தால் அந்த இரண்டு போட்டோவையும் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

காரையிலிருந்து சாத்தனூர் கல்மரம். பிள்ளைகள் களைத்திருந்தாலும் விடாதீர்கள். 18 மீட்டர் நீள அடிமரம் ஒன்று கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்னது. 18 மீட்டர் என்றால் நம் கரையில் ஏற்றி வைத்திருக்கிற ஃபைபர் வள்ளம் இரண்டை நெட்டாகப் போட்ட நீளம். கரையில் நின்ற மரம் கடலுக்குள் வந்து சேற்றில் புதைந்திருக்கிறது. சேறு மூடினதால் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் இறங்கி, நார் இருந்த இடத்தில் நாராகவே கல்லாகிவிட்டது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஓகி அடிச்ச அன்னைக்கு நம்ம கரையில எத்தனை மரம் வந்து ஒதுங்குச்சு, அதுல ஒண்ணு இப்பிடி ஆகியிருக்கும்." எந்த வழிகாட்டியும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

அங்கிருந்து அரியலூர்ச் சாலை. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஓடுகின்றன. வழியில் பெரிய பெரிய சுரங்கக் குழிகள் தெரியும். இப்போதும் தோண்டிக்கொண்டிருக்கிற இடம் அதுதான், புதைபடிவங்கள் நிறைய வெளியே வருவதும் அங்கேதான். ஆனால் அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கைவிட்ட குழிகளில் பச்சைத் தண்ணீர் அழகாக நிற்கும், விளிம்பு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை வண்டியை விட்டே இறக்காதீர்கள். கல்லூரி வழியாக, துறை வழியாக அனுமதி வாங்கிப் போகிற குழுவோடு சேர முடிந்தால் அது வேறு விஷயம்.

வெயில் உச்சிக்கு வரும்போது வாரணவாசிக்குள் இருங்கள். காலையில் உடைசலாகப் பார்த்ததெல்லாம் இங்கே முழுசாக இருக்கும். எல்லாப் பலகையையும் படிக்க வைக்காதீர்கள், பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். "காலையில பார்த்தது எது எது இங்க இருக்கு, கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். அம்மோனைட் முன்னால் என் அம்மா நின்றுவிட்டாள். "இது சாளக்கிராமம்லா மக்கா" என்று கைகூப்பினாள். நான் சிரிக்கப் போனேன், மூத்தவள் முந்திக்கொண்டாள்: "ஆமா ஆச்சி, அதும் இதுதான்." நேபாளத்தில் கண்டகி ஆற்றில் எடுக்கிற சாளக்கிராமமும் அம்மோனைட்தான். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்த கடலின் பிராணி.

சின்னவனுக்கு டைனோசர் எலும்பு வேண்டும். அதற்கு ஒரு கதை தயாராக வைத்திருங்கள். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. ஈரம் குடித்துப் பொடிந்து போய்விட்டது, மிஞ்சியது படங்கள்தான். "பெவிகால் போட்டிருக்கலாம்லா?" என்று சின்னவன் கேட்டான். அவன் கேட்டதில் பாதி சரி. பொடிகிற எலும்புக்குப் பசை ஊற்றி இறுக்கி, மேலே பிளாஸ்டர் கட்டுப் போட்டுத்தான் தோண்டி எடுப்பார்கள், கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போடுகிற மாதிரி.

மனிதர்கள் குழி தோண்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், திரும்பி வரும்போது மதுரையில் இறங்கிக் கீழடி போங்கள். புதைபடிவம் இல்லை, நம் ஆட்கள் வாழ்ந்த ஊர். 2015-லிருந்து தோண்டுகிறார்கள், 2023-ல் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். அதற்குச் செவ்வாய்தான் விடுமுறை, வெள்ளி இல்லை. மழைக்காலத்தில் குழிகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். குழியின் ஓரத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். விழுந்துவிடுவார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. மேல் மண் சரிந்து கீழ் அடுக்கில் விழுந்தால் எது எந்தக் காலம் என்பது கலந்துவிடும்.

இவ்வளவு தூரத்துக்கு லீவு இல்லை, ஒரே நாள்தான் என்றால் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. காலையில் நாகர்கோவிலில் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தோண்டின குழிக்கு மேலே கண்ணாடி போட்டு, முதுமக்கள் தாழிகளை எடுத்த இடத்திலேயே காட்டுகிறார்கள். எங்கள் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பக்கத்துக் கடைக்காரரைப் போன மாசம் அங்கேதான் அனுப்பி வைத்தேன். வந்ததும் போனை எடுத்து ஒரு தாழிப் படத்தைக் காட்டினார். நாணயம் வைக்கவில்லை, கண்ணாடிக்கு மேலே எப்படி வைப்பார் பாவம், தன் செருப்புக் காலையே சேர்த்து எடுத்திருந்தார்.